குதிகால் சத்தம்

டயகம,
ஞாயிறு இரவு.

என் அன்புச் சின்னவனுக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லி வைத்துவிடுவாய். நீ இரண்டு தடவை சரிக்கா சொன்னால் ஒன்றும் காதில் ஏறவில்லை என்று அர்த்தம். நீ மூன்றாம் வகுப்பு படித்த காலத்திலிருந்து எனக்குத் தெரியும். அதோடு இங்கே மழை தொடங்கினால் சிக்னலும் தூங்கப் போய்விடுகிறது. அதனால்தான் காகிதத்தில் எழுதி, நாளைக் காலை பஸ்ஸில் கொழும்புக்கு வருகிற மாமா மகனிடம் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே அம்மா இடித்த மாசிச் சம்பலும் அரைக் கிலோ தேயிலைத் தூளும் வருகின்றன. தூளை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதே. போன தடவை கொடுத்ததை மனேஜர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாய் என்று அம்மாவுக்கு இன்னும் கோபம்.

ஆக்ரா ஓயாவில் தண்ணீர் ஏறியிருக்கிறது. லயத்துக் கூரையில் நீ தார் பூசிவிட்டுப் போன இடம் ஒழுகவில்லை, அதற்குப் பக்கத்து இடம் ஒழுகுகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி. ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். சொன்னால் கேட்பதில்லை, நீ சொன்னால் கேட்பாள். ஒரு தடவை போன் எடுத்துச் சொல். அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்துவிட்டது. அடுத்த மாதம் கிளினிக் நாள் கொடுத்திருக்கிறார்கள். அதுவரைக்கும் இஸ்தோப்பில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரைக் காலடிச் சத்தத்தை வைத்தே கூப்பிடுகிறார். பெரும்பாலும் சரியாகத்தான் கூப்பிடுகிறார்.

இப்போது உன் விஷயம். கடன் வாங்கிப் புது டிரைவர் கோல்ஃப் கம்பு வாங்கினாயாமே? மாமா மகன் சொல்லிவிட்டான், அவனைத் திட்டாதே. "வளையாமல் அடிக்கிற கம்பு" என்று யாரோ சொன்னதை நம்பி இரண்டு மாதச் சம்பளத்தைக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறாய். இப்போது அந்தப் புதுக் கம்பிலும் பந்து அரிவாள் மாதிரி வலப்பக்கம் வளைகிறது. பை தூக்குகிற கெடிமாருக்கு நடக்கிற அந்தப் போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போவதில்லை, எனக்கு இது சரிப்படாது, பை தூக்குவதோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று வட்ஸ்அப்பில் எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் பழைய அக்காவாக இருந்தால் காதைத் திருகியிருப்பேன். கோபம் இறங்கினதும் நீ அனுப்பிய மூன்று வீடியோவையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இரண்டு ராத்திரி தூக்கம் போனது. நான் கோல்ஃப் கம்பைக் கையால் தொட்டதில்லை. ஆனால் வளைவது காற்றில் போகிற பந்து. அது விஞ்ஞானப் பாடம், என் பேட்டை.

முதலில் அப்பா சொன்னதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர்தான் எனக்கு முந்திக்கொண்டார். வீடியோவை நான் இஸ்தோப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குத் திரையில் வெளிச்சம் அசைவதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. "சத்தத்த கூட்டு" என்றார். கூட்டினேன். "இன்னொருக்கா போடு." போட்டேன். நாலு தடவை கேட்டுவிட்டுச் சொன்னார்: "நடு நெத்தியில பட்டா டக்குன்னு ஒரே சத்தம். இது டொக்குன்னு பட்டு நடுங்குது. கம்போட குதிகால்ல படுது அவனுக்கு." அவ்வளவுதான். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கண் தெரியாத மனுஷன் கொழும்பில் அடித்த பந்துக்கு டயகமையிலிருந்து வைத்தியம் சொல்கிறார் என்று. பிறகு படித்துப் பார்த்தபோது சிரிப்பு போய்விட்டது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

உனக்கு நினைவிருக்கும், ஏப்ரல் சீசன் வந்தால் அப்பா கவ்வாத்துக் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு நுவரெலியாவுக்குப் பை தூக்கப் போவார். அத்தை வீட்டில் தங்கல். அம்மாவுக்கு அந்த வேலையின் பெயரே பிடிக்காது. "கேடி வேலைக்குப் போறாருன்னு சொன்னா ஊரு என்ன நெனைக்கும்" என்பாள். சினிமாவில் வருகிற கேடி இல்லை, இது கெடி என்று அப்பா எத்தனை தடவை விளக்கியிருப்பார்! 1889இல் ஒரு ஸ்கொட்லாந்துப் படைவீரர் தொடக்கிவைத்த மைதானம் என்று அவருக்கு அதில் பெருமை வேறு, ஏதோ தானே கூட நின்று புல் நட்ட மாதிரி. ஓடையில் விழுந்த பந்தை எடுத்து வருவார். அதை நாம் கொய்யாக் கம்பால் அடித்து, பீலிக் கரையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெரியம்மா தலைக்கு மேலே அனுப்பி, நான் அடி வாங்கினேன். நீ டர்பன்டைன் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

அப்பா துரைமார் பந்து போவதைப் பார்க்கமாட்டார். அவர்கள் நின்ற இடத்தைப் பார்ப்பார். புல் பெயர்ந்த தழும்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்துவிட்டு, "இவர் கம்பு இடப்பக்கமா அறுத்துக்கிட்டு போகுது" என்பார். கவ்வாத்து வெட்டினவர் கண் அது. கத்தியை இழுக்கிற திசை ஒன்று, கத்தி வாய் பார்க்கிற திசை ஒன்று. இரண்டும் ஒத்துப் போனால் கிளை சீவினது போல விழும். வாய் கொஞ்சம் மலர்ந்தால் பட்டை உரிந்துகொண்டு போகும். கையின் பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பந்து வளைவதும் இந்த இரண்டு திசை ஒத்துப்போகாததால்தான் தம்பி. கம்பின் முகம் பார்க்கிற திசை ஒன்று. கம்பு வீசிக்கொண்டு போகிற பாதை ஒன்று. பந்து எந்தப் பக்கம் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் முகம் தீர்மானிக்கிறது. டிரைவரில் நூற்றுக்கு 85 பங்கு முகம், மிச்சம்தான் பாதை. அயன் கம்புகளில் 75 பங்கு. கிளம்பின பிறகு எந்தப் பக்கம் வளையும் என்பதை முகத்துக்கும் பாதைக்கும் நடுவில் உள்ள இடைவெளி தீர்மானிக்கிறது. பாதையை விட முகம் வலப்பக்கம் திறந்திருந்தால் உன்னைப் போல வலக்கைக்காரனுக்குப் பந்து வலப்பக்கம் வளையும். நீங்கள் சொல்கிற ஸ்லைஸ். முகம் இடப்பக்கம் மூடியிருந்தால் இடப்பக்கம் வளையும், அது ஹூக்.

உன்னோடு வேலை செய்கிற மூத்தவர் ஒருவர் இதைத் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார் போலிருக்கிறது. "கம்பு போற திசையில பந்து கிளம்பும், முகம் பாக்குற திசைக்கு வளைஞ்சு போய் விழும்" என்று. அவர் மேல் குற்றமில்லை. நம் அப்பாவும் அதையேதான் சொல்வார், பயிற்சிப் புத்தகங்களும் பல வருடம் அதையேதான் சொல்லிவந்தன. பந்து கம்பில் ஒட்டியிருக்கிற நேரம் ஒரு செக்கனை 2,000 பங்காக்கினால் அதில் ஏறக்குறைய ஒரு பங்கு. எந்தக் கண்ணுக்கு அது தெரியும்? இந்த நூற்றாண்டு தொடங்கின பிறகு டென்மார்க்கில் டிராக்மேன் என்று ராடார் கருவி செய்து, பந்தையும் கம்பையும் ஒன்றாகத் தொடர்ந்து அளந்தபோதுதான் முகத்தின் பங்கு இவ்வளவு பெரிது என்று எல்லாருக்கும் உறைத்தது.

இப்போது உன் மூன்றாவது வீடியோவைப் பின்னாலிருந்து எடுத்திருக்கிறாயே, அதைத் திறந்து பார். பந்து கொடிக்கு இடப்பக்கம் கிளம்புகிறது. பிறகு வலப்பக்கம் வளைந்து வெளியே போகிறது. மூத்தவர் சொன்ன கணக்குப்படி "முகம் வலப்பக்கம் திறந்திருக்கு" என்று முடிவுகட்டி, பிடியைத் திருகித் திருகி முகத்தை மூடிக்கொண்டிருக்கிறாய். ஆனால் பந்து இடப்பக்கம் கிளம்பியதே! அப்படியென்றால் முகம் ஏற்கனவே இடப்பக்கம்தான் பார்க்கிறது. பாதை அதையும் தாண்டி இடப்பக்கம் போகிறது. வெளியிலிருந்து உள்ளே அறுக்கிறாய். பாதையோடு ஒப்பிட்டால் முகம் இன்னும் திறந்துதான் இருக்கிறது, அதனால் வளைகிறது.

நம்பிக்கை இல்லையா? இரண்டாவது வீடியோவைப் பார். அதில் பந்து வளையவே இல்லை, நேர்கோட்டில் இடப்பக்கப் புதருக்குள் போனது. "அன்னைக்கு நல்லா அடிச்சேன், ஆனா குறி தப்பிடுச்சு" என்று எழுதியிருந்தாய். நல்லாவும் அடிக்கவில்லை, குறியும் தப்பவில்லை. அன்றைக்கு முகத்தை முழுசாக மூடிவிட்டாய். முகமும் பாதையும் ஒத்துப்போய்விட்டன, இரண்டுமே தப்பான திசையில். வளைகிற பந்தும் புதருக்குள் போன பந்தும் ஒரே வீச்சின் இரண்டு பிள்ளைகள்.

இதில் உன் சொந்தக் கைங்கரியம் ஒன்றும் இருக்கிறது. வலப்பக்கம் வளைகிறதே என்று நீ கொடிக்கு இருபது யார் இடப்பக்கம் குறிபார்த்து நிற்கிறாய். தோள் இடப்பக்கம் திரும்பினால் வீச்சும் இடப்பக்கம்தானே போகும்? ஆனால் கை என்ன செய்கிறது, முகத்தைக் கொடிப் பக்கம் காட்டப் பார்க்கிறது. இடைவெளி அகலமாகிறது. இன்னும் அதிகமாக வளைகிறது. நீ இன்னும் இடப்பக்கம் திரும்பி நிற்கிறாய். இப்படியே போனால் ஒருநாள் கொடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாய்.

"ஒன்பதாம் நம்பர் அயன்ல அடிச்சா நேராப் போகுதேக்கா, கை ஒண்ணுதானே" என்று கேட்டாய். நல்ல கேள்வி. என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒருத்தியும் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை, அவர்களிடம் சொல்லிவிடாதே. இதற்கு நான் வகுப்பில் செய்து காட்டுகிற ஒரு விளையாட்டு இருக்கிறது. இரண்டு காகிதக் கோப்பையை அடியோடு அடி சேர்த்து ஒட்டு. நடு இடுப்பில் இறப்பர் பட்டிகளை முடிச்சுப்போட்டு நீளமாக்கிச் சுற்று. பட்டி கோப்பைக்குக் கீழ்ப்பக்கமாக வெளியே வரும்படி இழுத்துவிட்டால், கோப்பை பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே விழாமல் மேலே ஏறும். சுழலுகிற கோப்பை தன்னைச் சுற்றியுள்ள வளியைக் கீழ்ப்பக்கம் தள்ளிவிடுகிறது, வளி அதை மேலே தள்ளுகிறது. மக்னஸ் என்ற ஜெர்மன்காரர் 1850களில் ஆராய்ந்ததால் அவர் பெயரில் மக்னஸ் விளைவு என்போம். கோப்பையைச் சமமாகப் பிடித்தால் நேரே மேலே. ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்தால் சாய்ந்த பக்கம் வளைந்து போகும். போன வருடம் ஒன்று கூரைச் சட்டத்துக்குள் போய்ச் சிக்கி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

உங்களிடம் பக்கச் சுழற்சி, பின் சுழற்சி என்று இரண்டு சுழற்சி இருப்பதாகப் பேசிக்கொள்கிறீர்கள். பந்துக்கு ஒரே ஒரு சுழற்சிதான். அந்தச் சுழற்சியின் அச்சு சாய்ந்துவிட்டால் மேலே தூக்குகிற விசையில் ஒரு பங்கு பக்கவாட்டுக்குப் போய்விடும். ஒன்பதாம் நம்பருக்கு முகம் நன்றாகச் சரிந்திருக்கிறது. பெரிய ஆட்டக்காரர் அடித்தால் பந்து நிமிடத்துக்கு 8,000 தடவைக்கு மேல் பின்பக்கமாகச் சுழலும். அவ்வளவு சுழற்சிக்கு நடுவில் உன் பாதைக் கோளாறு அச்சை லேசாகத்தான் சாய்க்க முடியும். டிரைவர் முகம் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கிறது. சுழற்சி 2,500 பக்கம்தான். அதே கோளாறு அங்கே அச்சைப் பலமாகச் சாய்த்துவிடும். போதாக்குறைக்குப் பந்து அதிக தூரம் போகிறது. ஒரு பாகை பிசகினாலே 200 யாரில் மூன்றரை யார் விலகும், வளைவதற்கு முன்னாலேயே. ஆக ஒன்பதாம் நம்பரிலும் நீ அறுத்துக்கொண்டுதான் அடிக்கிறாய். அது காட்டிக்கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

நம்ம முரளி பந்துவீசும்போது பந்து காற்றிலேயே வலக்கைத் துடுப்பாட்டக்காரரை விட்டு மெல்ல விலகி, தரையில் பட்டதும் உள்ளே திரும்புமே, அந்தக் காற்றில் விலகுவதும் இதே விளைவுதான். 2010இல் காலியில் 800ஆவது விக்கெட் எடுத்தபோது நீ தகரப் பீப்பாவில் ஏறி நின்று கத்தி, பீப்பாவோடு உருண்டாய். அவருக்கு வேண்டும் என்று வளைத்தார். நீ வேண்டாம் என்று வளைக்கிறாய். வளிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இன்னொன்று எழுதியிருந்தாய், அதுதான் எனக்கு மனதைப் பிசைந்தது. "நுவரெலியாவுல இருந்தப்ப இவ்வளவு வளையலக்கா. கொழும்புக்கு வந்துதான் கை கெட்டுப்போச்சு." கை கெடவில்லை தம்பி. நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,870 மீற்றர். அங்கே வளியமுக்கம் குறைவு. கொழும்போடு ஒப்பிட்டால் வளியின் அடர்த்தி கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு குறையும். பந்தைப் பிடித்து வளைக்க வளி வேண்டுமே! மெலிந்த வளி மெதுவாக வளைத்தது. கொழும்பில் வளி கெட்டி, அதே கோளாறைப் பிடித்து நன்றாக வளைக்கிறது. நீ நுவரெலியாவில் அடித்தபோதும் இதே வீச்சுத்தான், மலை உன்னை மூடிமறைத்து வைத்திருந்தது. "கொழும்புக் காத்து ஈரம், அதான் கனம்" என்று உன் சிநேகிதன் சொன்னானாமே, அது தப்பு. நீராவி மற்ற வளியை விட இலேசு, ஈரக் காற்று கொஞ்சம் இலேசாகத்தான் இருக்கும். கனம் வருவது உயரம் குறைந்ததால். அந்தப் பையனுக்கும் சொல்லிவிடு, ஆனால் வாத்தியாரம்மா தம்பி என்று மண்டைக்கனம் காட்டாதே.

படிக்கும்போது ஒரு கதை கிடைத்தது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் டெய்ட் என்று ஒரு பேராசிரியர். நுவரெலியாவில் மைதானம் தொடங்கின அதே காலத்தில் அவர் கோல்ஃப் பந்து ஏன் இவ்வளவு நேரம் காற்றில் நிற்கிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். பந்தில் ஒரு மெல்லிய நாடாவைக் கட்டி, மறு முனையை நிலைநிறுத்தி, அடித்த பிறகு நாடாவில் எத்தனை முறுக்கு ஏறியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாராம். ராடாரும் இல்லை, கேமராவும் இல்லை, ஒரு துண்டு நாடா! இதைப் படித்ததும் எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. டெய்ட்டின் மகன் ஃப்ரெடி பெரிய ஆட்டக்காரன், 1896இலும் 1898இலும் பிரித்தானிய அமெச்சூர் பட்டம் எடுத்தவன். 1900இல் தென்னாபிரிக்கப் போரில் செத்துப்போனான். அந்தப் போரில் பிடிபட்ட போயர் கைதிகளைத்தான் அதே வருடம் நம்ம தியத்தலாவையில் கொண்டுவந்து அடைத்தார்கள். அப்பாவிடம் சொன்னேன். "அந்தப் பையன் அப்பா பேச்சக் கேட்டு ஆடியிருப்பான்" என்றார். உனக்குத்தான் சொன்னார்.

சரி, குதிகாலுக்கு வருகிறேன். டிரைவரின் தலையில் கனம் முகத்துக்குப் பின்னால் தள்ளி இருக்கிறது. பந்து நடுவில் படாமல் குதிகால் பக்கம் பட்டால் தலை கொஞ்சம் திரும்பும். பல்சக்கரம் இரண்டு ஒன்றையொன்று எதிர்ப்பக்கம் சுழற்றுமே, ஃபக்டரியில் பார்த்திருக்கிறாய், அதேபோல பந்து எதிர்ப்பக்கம் சுழற்சி வாங்கிக்கொள்ளும். குதிகாலில் பட்டால் வலப்பக்கம் வளைவு, நுனியில் பட்டால் இடப்பக்கம் வளைவு. வெளியிலிருந்து உள்ளே அறுக்கிறவர்களுக்குக் குதிகாலில் படுவது சகஜமாம். நான் இரண்டு ராத்திரி படித்துக் கண்டதில் பாதியை அந்த மனுஷர் நாலு தடவை காதால் கேட்டுச் சொல்லிவிட்டார். கிளம்புகிற திசை விஷயத்தில் அவர் தப்பு, சத்தத்தில் நூற்றுக்கு நூறு. நான் தப்பைச் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

ஆனால் காதை மட்டும் நம்ப வேண்டாம். முகத்துக்குப் பூசுகிற பவுடரைக் கம்பின் முகத்துக்குப் பூசு. பத்துப் பந்து அடி. ஒவ்வொன்றுக்கும் தடம் எங்கே விழுந்தது, எந்தப் பக்கம் கிளம்பியது, எந்தப் பக்கம் வளைந்தது என்று கொப்பியில் எழுது. மனதில் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லாதே, உன் மனதில் எதுவும் நிற்காது. அதன் பிறகு அப்பா சொன்ன வேலை: பந்துக்கு வெளிப்பக்கம் நாலு விரல் தள்ளி, கொஞ்சம் பின்னால், ஒரு செருப்பை வை. வெளியிலிருந்து அறுத்துக்கொண்டு வந்தால் செருப்புப் பறக்கும். செருப்பு பறக்காமல் பந்து பறக்கிற வரைக்கும் புதுக் கம்பு, பழைய கம்பு என்ற பேச்சே வேண்டாம். தோள் கொடிக்கு நேராக இருக்கட்டும். முதல் வாரம் பந்து கண்ட பக்கமெல்லாம் போகும், வலப்பக்கம் வேலி தாண்டியும் போகும். பயந்து மறுபடி இடப்பக்கம் திரும்பி நிற்காதே. பாதை திருந்தி, முகம் திருந்த நாளெடுக்கும்.

போட்டிக்குப் பெயரைக் கொடு. தோற்றால் தோற்றாய். நம்ம நாட்டுத் தங்கராஜாவும் பிரபாகரனும் இந்தியத் தொழில்முறைச் சுற்றில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள், பெயரைப் பார்த்தாலே நம்ம வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருக்கிறது. டெல்லியில் அலி ஷேர் பை தூக்கியவர்தான், 1991இல் இந்தியன் ஓப்பன் எடுத்தார், 1993இல் திரும்பவும் எடுத்தார். பெங்களூர் முனியப்பாவும் பை தூக்கியவர்தான், 2009இல் அதே பட்டம். நீ அவர்களைப் போல வரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. வந்தால் வேண்டாமென்றும் சொல்லமாட்டேன். ஆனால் "எனக்கு இது சரிப்படாது" என்று நீ எழுதியதை அம்மாவிடம் நான் வாசித்துக் காட்டவில்லை. அவளுக்கு உன் கம்பு பந்து ஒன்றும் புரியாது. பெரட்டுக்களத்தில் கேட்கிறவர்களிடமெல்லாம் "எம்மவன் கொழும்புல கோல்ஃப் ஆடுறான்" என்று சொல்லிவைத்திருக்கிறாள். பை தூக்குகிறான் என்று திருத்தினேன். "ஒனக்கென்னடி தெரியும்" என்றாள்.

கடனை எனக்குச் சொல்லு. எவ்வளவு என்று மறைக்காமல் சொல்லு. சீட்டுப் பணம் அடுத்த மாதம் எனக்கு விழுகிறது, பாதியைத் தருகிறேன். மீதியை நீ கட்டு. ராத்திரிச் சாப்பாட்டை மிச்சம் பிடித்துக் கட்டலாம் என்று நினைக்காதே. வீடியோவில் உன் கழுத்தெலும்பு தெரிகிறது, அப்பா பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

அடித்துப் பார்த்துவிட்டுப் பவுடர் தடத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்பு. அப்பாவுக்குப் படம் வேண்டாம். காற்று அடங்கின விடியக்காலையில், போனைப் பந்துக்குப் பக்கத்தில் வைத்து, ஐந்தாறு அடியின் சத்தத்தை மட்டும் பதிந்து அனுப்பு. நேற்றிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டார், "அவன் இன்னும் அனுப்பலையா?" என்று.

இப்படிக்கு,
உன் அக்கா.

பி.கு.: கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், கடன் கதையையும் சரிப்படாது என்று நீ எழுதியதையும் விட்டுவிட்டு. செருப்பு விஷயம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். போன தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த செருப்பை வைத்துவிடாதே என்கிறாள். பழசு இல்லையென்றால் மாமா மகனுடையதை வை.